ஜும்ஆவுக்கு மூடும் கடை

சென்ற வருடம், எசல பெரஹெரா திருவிழா முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை. கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு புடவைக்கடைக்குப் போயிருந்தேன். நகரத்துப் பழைய கடைகள் எப்போது தொடங்கின, எப்போது கைமாறின என்று விசாரித்துக் குறித்து வைப்பது என் பழக்கம்.

காசு மேசைக் கதிரையில் தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். "எங்கட கடதான், இரிங்க" என்று எனக்குத் தேத்தண்ணீர் வரவழைத்தார். துணி மடித்துக்கொண்டிருந்த, திருநீறு பூசிய ஒருவர் என்னை மெல்ல ஓரமாக அழைத்தார். கடை உண்மையில் அவருடையது; பெரியவரிடமிருந்து வாங்கி ஆறு வருடமாகிறது. பெரியவருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. விற்றதை மறந்து, தினமும் மடவளையிலிருந்து பஸ் ஏறிக் கடை திறக்க வந்துவிடுகிறார்.

"உக்காந்துட்டுப் போகட்டுமே. என்னையும் நல்லா வேல வாங்குறாரு!" என்று சிரித்தார்.

அந்த நேரம் பெரியவரின் மகன் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"வாப்பா, இது எங்கட கட இல்ல. வித்தாச்சி! எத்தின தரம் சொல்ற?"

பெரியவர் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டார். "வித்தாச்சா? ஆரு வித்த?" அந்த நிமிடம்தான் கடையை இழந்தவர் போல அழத் தொடங்கினார்.

"இனி ஊட்டுல பூட்டித்தான் வெக்கணும்" என்றார் மகன். அவர் கண்களும் கலங்கியிருந்தன.

கடைக்காரர் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, இரும்புக் கதவைப் பாதி இறக்கினார்.

"முதலாளி, ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாச்சு. வாங்க, பூட்டுவோம்."

சாவி கைக்கு வந்ததும் பெரியவரின் அழுகை நின்றது. எல்லோரும் வெளியே வந்ததும் தானே பூட்டினார். பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு சாவியைக் கடைக்காரரிடமே நீட்டி, "கவனமாப் பாத்துக்கோங்க" என்றார். "வா மகன், பிந்தப் போகுது" என்று முன்னால் நடந்தார்.

வாங்கிய நாளிலிருந்தே வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கடையை மூடுவதாகக் கடைக்காரர் சொன்னார். நீங்கள் இந்துவாயிற்றே என்றேன். "கட கைமாறினா பழக்கமும் சேந்துதானே வரும்?" என்றார்.

மகன் இப்போது தினமும் நடுப்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு வந்து, வாப்பாவை அழைத்துப் போக வாசலிலேயே காத்து நிற்கிறாராம். ஒரு மனிதர் தன் வாழ்க்கையை மறந்துபோனாலும், அதை அவருக்காக இன்னொருவர் பத்திரமாக வைத்திருக்க முடியும் என்ற ஆறுதல் அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.