பொற்கொடி எழுதும் அப்பீல்

அன்னவாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பொற்கொடி, ராணுவத்தில் அடிபட்டுத் திரும்பியவர்களுக்குப் பென்சன் அப்பீல் எழுதித் தருகிறார். ஆனால் அவர்களிடம் கேட்டு எழுதுவதில்லை. ஆளை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கூட வந்த மனைவியிடம் கேட்பார். படிப்பு பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங்கும்தான். எட்டு வருடத்தில் எழுதிய பதினொரு அப்பீலில் ஒன்பது ஜெயித்திருக்கின்றன.

போன வருடம் ஹவில்தார் நாகராசு வந்தார். பனிமலையில் ரேஷன் மூட்டையோடு சறுக்கி விழுந்து வலது முழங்கால் நொறுங்கியவர். ஓய்வின்போது சோதித்த மருத்துவக் குழு, குறைபாடு பதினைந்து சதவீதம் என்று எழுதிவிட்டது. குறைந்தது இருபது இருந்தால்தான் அதற்கான பென்சன்.

"டாக்டரு குத்தவச்சு உக்காரச் சொன்னாராண்ணே?"

"உக்காந்தேன்."

"வலிக்கலையா?"

"ஆபீசர் முன்னாடி வலிக்குதுன்னா சொல்லுவாங்க?"

மனைவி பரிமளா தலையில் அடித்துக்கொண்டார். "அங்கிட்டு பரேடு காட்டிட்டு, இங்கிட்டு வந்து மூணு நாள் கட்டில விட்டு எந்திரிக்கல!"

"நீங்க போயி டீ சாப்பிட்டு வாங்கண்ணே," என்றார் பொற்கொடி.

அவர் திரும்பி வந்தபோது இரண்டு பக்கம் தயாராக இருந்தது. படியேறக் கைப்பிடி வேண்டும். செருப்பு மாட்டிவிட மகள் குனிய வேண்டும். நாகராசு படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"நொண்டின்னு எழுதி, அதுல என் கையெழுத்து கேக்குறியா?"

"பொய்யான வரி எதுன்னு காட்டுங்க. இப்பவே அடிச்சிடுறேன்."

புதுக்கோட்டை பஸ் ஒன்று ஆளை இறக்கிவிட்டுப் போனது. அவர் முதலிலிருந்து மறுபடி படித்தார். எதையும் அடிக்கவில்லை. கடைசி வரிக்குக் கீழே தன் கையாலேயே எழுதினார்: 'மகள் சித்தன்னவாசல் மலையேறினாள். நான் பார்த்த இடம்தான் என்று பொய் சொல்லிக் கீழேயே நின்றேன்.'

அது பொய்யென்று பரிமளாவுக்கே அன்றுதான் தெரிந்தது.

பொற்கொடி மனுவை இங்கிலீஷில் மாற்றினார். நாகராசு கையால் எழுதிய தாளையும் அப்படியே இணைத்து அனுப்பினார். மேல்முறையீட்டுக் குழு நாகராசுவை மறுபடி சோதித்தது. நான்கு மாதம் கழித்துப் பரிமளா போன் செய்தார்.

"முப்பது போட்டுட்டாங்க, பொற்கொடி!"

"அண்ணன் அங்க என்ன சொன்னாராம், மதினி?"

"குத்தவைக்கச் சொன்னதும் அட்டென்ஷன்ல நின்னு, 'முடியாது சார்'னாராம். ரூமே அதிர்ந்துச்சாம். மெடல் வாங்குன கணக்கா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

"சொல்லட்டும் மதினி," என்று போனை வைத்த பொற்கொடி, ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் பக்கம் திரும்பி, தானும் அதைச் சொல்ல ஆரம்பித்தார்.