பென்சிலைப் பார்த்து அடித்த மோர்ஸ்

எண்பதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், மலேசியாவில் புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு செம்பனை எஸ்டேட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கிருந்த எண்ணெய் மில்லில் வயர்மேன். வேலை முடிந்து வந்தால் அமெச்சூர் ரேடியோதான். வீட்டுக்குப் பின்னால் கம்பம் நட்டு ஏரியல் கட்டி, முன்பின் பார்த்திராதவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். கட்டியவளோடு இவ்வளவு பேசியதில்லையே என்று ஆரம்பத்தில் எனக்குப் பொருமல்தான்.

அவரிடம் இருந்தது சின்ன லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு கிள்ளான், சுங்கை பெசார் என்று அக்கம்பக்கத்தில் பேசலாம். அவருக்கோ கடல் தாண்டிப் பேச வேண்டும். எஸ்டேட்டில் ஒரே லயத்து வீடுகளில் கூடவே வளர்ந்த சிநேகிதர் ஒருவர் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போயிருந்தார். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டு இருவரும் சேர்ந்தே பழகிய கலை இது. அவர் அங்கே பெரிய லைசென்ஸ் எடுத்துவிட்டார். 'நீயும் எடுடா, ஞாயிற்றுக்கிழமையானா பேசலாம்' என்று எழுதியிருந்தார். அதிலிருந்து இவருக்கு வேறு நினைப்பே இல்லை.

பெரிய லைசென்ஸுக்கு மோர்ஸ் தேர்வு உண்டு. ஒவ்வோர் எழுத்தும் டிட், டா என்று ஒலியாக வரும். காதில் விழ விழ எழுதிவிட வேண்டும். மின்சாரப் பாடமெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மோர்ஸுக்குத்தான் எதிரே உட்கார்ந்து அடிக்க ஓர் ஆள் வேண்டும். வேறு யார் கிடைப்பார்கள்? நானே மோர்ஸ் எழுத்து அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அடுப்பில் சோறு கொதிக்கும், மேசையில் நான் மோர்ஸ் அடிக்கிற கீயைத் தட்டிக்கொண்டிருப்பேன். "குழம்புல உப்பு போட்டியா, இல்ல அதுலயும் டிட் டாதானா?" என்று கேலி செய்வார். அந்த நாட்களில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

அப்போது ஒரு காரியம் செய்தேன். அவர் கையிலிருந்த பென்சிலைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். பென்சில் தயங்கினால் என் விரலும் தயங்கும். அவர் எழுதிய பிறகுதான் அடுத்த எழுத்து. பந்தியில் இலையைப் பார்த்துப் பரிமாறுகிற பழக்கம், இங்கேயும் வந்துவிட்டது. ஓர் எழுத்தை விட்டுவிட்டு அவர் முகம் சுருங்கினால் எனக்குத் தாங்காது. இப்படியே பக்கம் பக்கமாகத் தப்பில்லாமல் எழுதினார். "இனி பயமில்ல லா" என்றார். நானும் நம்பினேன்.

தேர்வு கோலாலம்பூரில். நானும் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திறந்திருந்த ஜன்னல் வழியாக மோர்ஸ் சத்தம் கேட்டது. ஒன்றும் அவசரமாக இல்லை, ஒரே சீராகத்தான் போனது. ஆனால் நிற்கவே இல்லை. உள்ளே அவர் ஓர் எழுத்தில் தடுமாறியிருப்பார், சத்தம் அவரை விட்டுவிட்டுப் போயிருக்கும், அதை எட்டிப் பிடிப்பதற்குள் இன்னும் நாலு எழுத்து போயிருக்கும். ஓடிப்போய், 'கொஞ்சம் பொறுங்க, அவர் எழுதட்டும்' என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது.

"போச்சு புள்ள" என்றபடி வெளியே வந்தார். கோலசிலாங்கூர் பஸ் பிடித்து ஊர் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"என்னாலதாங்க. நான் உங்க பென்சிலப் பாத்துப் பாத்துத்தான் அடிச்சேன்."

"தெரியும்" என்றார். "முதல்லயே தெரியும். நீ காத்திருக்கிறது எனக்குச் சுகமா இருந்திச்சு. வேணாம்னு சொல்ல மனசு வரல."

திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். 'இனி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடிக்கிறேன்' என்று மறுபடி உட்கார வைத்தேன். பலனில்லை. அவர் தயங்கினால் மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிடும், கை தானாக நின்றுவிடும். பிறகு மில்லில் ஷிப்ட் வேலை கூடியது. அடுத்த தேர்வு, அதற்கடுத்த தேர்வு என்று தள்ளிப்போட்டவர், கடைசியில் எழுதவே இல்லை.

விஷயத்தைச் சிநேகிதருக்கு எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவர் அங்கே மற்ற நாட்டுக்காரர்களோடு பேசுவதை இவர் தன் பழைய ரிசீவரில் தேடிப் பிடிப்பார். கேட்கத் தடையில்லை, பதில் சொல்லத்தான் லைசென்ஸ் இல்லை. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே இருக்கிறவர், இரைச்சலுக்கு நடுவே திடீரென்று தமிழில், "டேய், கேட்டுக்கிட்டு இருக்கியா?" என்பார். இவர் அந்தப் பெட்டியைப் பார்த்து, "இருக்கேன்டா" என்பார். அது எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டாது. சமையற்கட்டில் நிற்கிற எனக்கு மட்டும்தான் கேட்கும்.

சில வருடங்களில் சிநேகிதர் ஏரியல் கட்ட இடமில்லாத ஒரு மாடிக் குடியிருப்புக்குப் போய்விட்டார். அந்தக் குரலும் நின்றது. இவர் என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

இன்றைக்கும் யாருக்காவது உதவி செய்யக் கை நீளும்போது, இது அவர்களுடைய நல்லதுக்கா, அவர்கள் திணறுவதைப் பார்க்க எனக்குத் தாங்காததாலா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்வி அன்றைக்கே எனக்குத் தோன்றியிருந்தால், ஒரே ஒரு "இருக்கேன்டா"வாவது கடலைத் தாண்டிப் போயிருக்கும்.