அதிகாரி சாப்பிடத் தொடங்கும்வரை

வேலைக்கான கடைசிச் சுற்று மதுரையில் ஒரு ஓட்டலில் மதியச் சாப்பாட்டோடு நடந்தது. என்னோடு படித்த தோழி, கொட்டாம்பட்டியிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வந்திருந்தாள். அதிகாரி சாப்பிடத் தொடங்கும்முன் நாம் இலையில் கை வைக்கக் கூடாது என்று கல்லூரிப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சாப்பாடு பரிமாறிய பிறகும் அதிகாரி போனில் பேசிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன சோற்றைப் பார்த்தபடி காத்திருந்தவள் அப்படியே மேசைமேல் சரிந்தாள்.

அதிகாரி பதறிப்போய்த் தண்ணீர் தெளித்தார். "ஏம்மா, பசிச்சா சாப்பிட வேண்டியதுதானே?" என்றார்.

மாலையில் எனக்கு வேலை கிடைத்தது. அவளுக்கு உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது அவள், "அந்த அப்பளத்தையாச்சும் ஒடிச்சு வாயில போட்டிருக்கலாம்டி. எம்புட்டு நேரம் காத்துக் கெடந்தோம்!" என்றாள்.

வேலை கிடைத்ததை அன்று வீட்டில் சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை.