முகத்துவாரத்தில் கம்பு போடுகிறவன்

புன்னக்காயல் பக்கத்து ஊராட்சித் தலைவர் கஸ்பார் மூணாம் வகுப்பைத் தாண்டாதவர். அடுத்தவன் படகில் கூலியாளாக ஏறி, பிறகு சொந்தமாய் மூணு படகு வாங்கினார், அந்தக் கரையில் வேறு எவன் வாங்கினான்? மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்குமான உறவு பற்றிய ஆலோசனைக் குழு நெல்லைக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது மூன்றே நிமிடம். மணி அடித்தால் உட்கார வேண்டும். ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் மண்மேடிட்டுக் கிடந்ததில், முந்தின வாரம்தான் ஒரு படகு கவிழ்ந்திருந்தது. மண்ணை அள்ள ஊராட்சிக்கு அதிகாரமில்லை; அந்த அதிகாரத்தைத்தான் அவர் கேட்டார்.

"எங்களால் பரிந்துரைக்கத்தான் முடியும் அண்ணாச்சி," என்று குழுத் தலைவர் மணியில் கை வைத்தார்.

கஸ்பார் மணியை முந்திக்கொண்டு சொன்னார். "படகு முன்னால நின்னு கம்பு போட்டு ஆழம் சொல்லுதவனும் சுக்கானப் பிடிக்கமாட்டான் ஐயா. ஆனா அவன் முணுமுணுத்தா படகு தரை தட்டிரும். நீங்க சத்தமாச் சொல்லுங்க!"

மணி அடிக்கவில்லை. குழுத் தலைவர் பேனாவைத் திறந்தார். "இப்போ அங்கே எத்தனை அடி ஆழம்?"