வேறு கம்பனியின் பயோஸ்

மன்னார்த் தீவில் கணினி பழுதானால் மக்கள் முதலில் என்னையே நினைப்பர் என்பதை அந்நாளில் எவரும் மறுத்ததில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் முறையாகப் பயின்றவன். பின்னர் அங்கேயே நெடுங்காலம் கற்பித்தவன். ‘மாஸ்டர் வீடு’ என்றால் போதும், முச்சக்கரவண்டிக்காரர் என் வீட்டு வாசற் படலையில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய ஒருவர் பேருந்து நிலையத்தருகே கணினி திருத்தும் கடை திறந்தார். சுவரில் சான்றிதழ் ஒன்றுமில்லை. அவ்வழியே போகையில் நான் உள்ளே பார்ப்பதில்லை. கண்ணில் தானாகவே படும். எப்போதும் நாலைந்து பேர் நிற்பார்கள்.

வங்காலையில் கலியாண வீடியோ செய்யும் என் பழைய மாணவி ஒருநாள் தன் கணினியுடன் வந்தாள்.

“வீடியோ வெட்டேக்க இழுபடுது. பஸ் ஸ்டாண்ட் மாஸ்டரிட்டக் கேட்டனான். இந்த கிராபிக்ஸ் கார்ட் இவ்வளவுதான் ஓடும், சும்மா விடச் சொல்லிப்போட்டார்.”

“ஆர் அந்த மாஸ்டர்?”

“இப்ப எல்லாரும் அவரை அப்பிடித்தானே கூப்பிடுறவை.”

அவர் முடியாதென்றதை முடித்துக் காட்டுவதென்று அக்கணமே தீர்மானித்தேன். அதே சிப் பொருத்திய வேறொரு கம்பனியின் கார்ட் இதைவிட வேகமாக ஓடும் என்பதை அறிந்திருந்தேன். கார்டை இயக்கும் பயோஸ் என்னும் நிரலை அந்தக் கம்பனியுடையதாக மாற்றிவிட்டால் வேகம் கூடும் எனக் கணக்கிட்டேன். அதைக் கார்டில் எழுதும் மென்பொருள் ‘பொருந்தவில்லை’ என்று மறுத்தது. கட்டாயப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தேன். எழுதி முடிந்தது. கணினியை மீண்டும் இயக்கியபோது திரை கறுப்பாகவே கிடந்தது.

ஞாயிறன்று கொடுக்கவேண்டிய கலியாண வீடியோவை நினைத்து அவள் கலங்கினாள். முற்றத்துக்குப் போய்த் தொலைபேசியில் யாருடனோ பேசினாள். அரை மணித்தியாலத்தில் பேருந்து நிலையக் கடைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“ஐயா, சிப்பு ஒண்ணுதான். ஆனா மேல இருக்கிற மெமரி வேற கம்பனி. இந்த பயோசுக்கு அத ஓட்டத் தெரியாது. பழையத காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?”

நான் மேசையில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

“அதுதானே மாஸ்டர் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம்,” என்று அவள் சிரித்தாள். ‘முதலில் பிரதி எடு’ என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியது என் கைதான்.

“பரவால்லங்க. தூசி தட்டக் கொண்டாந்தப்பவே நான் ஒண்ணு எடுத்து வச்சேன்,” என்று அவர் சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். திரையின் வயரைக் கார்டிலிருந்து கழற்றிக் கணினியின் தாய்ப்பலகையிலேயே செருகினார். கார்டின் உதவியில்லாமலே படம் வந்தது. பழைய பயோசைத் திரும்ப எழுதினார். தேநீர் ஆறுவதற்குள் கார்ட் உயிர்பெற்றது. இந்த முன்னெச்சரிக்கை எந்தக் கல்லூரியில் கிடைத்தது என்று கேட்க நினைத்து, தேநீர்க் கோப்பையை எடுத்தேன்.

“பெரிய உதவி, மாஸ்டர்,” என்றாள் அவள்.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். அவரும் நிமிர்ந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நான் அந்தக் கார்டைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனதாக வங்காலையில் சொல்கிறார்கள். அது பிழை. அவர்தான் என் வீட்டுக்கு வந்தார், அழைத்தவனும் நானல்லன்.