பென்சிலால் போட்ட பெருக்கல் குறி

இருபது வருடமாக ஏணி ஏறி, பொய்க்கூரைக்குள் தலையை நுழைத்து நெட்வொர்க் கேபிள் இழுத்தவருக்கு ஆபீஸில் ‘பல்லி’ என்று பெயர். அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. ஆனால் நாற்பத்தாறு வயதில் பல்லிக்கு முட்டி மக்கர் பண்ணியது. இனி ஏணியை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறக்க ஒரே வழி, மேல்நிலை நெட்வொர்க் பரீட்சையில் தேறி, மாடியிலிருக்கும் வடிவமைப்புப் பிரிவுக்குப் போவது. அந்தப் பரீட்சைக்கு ஆபீஸ் ஒருவரை ஒரு தடவைதான் அனுப்பும்.

எதைப் படிப்பது என்பதில்தான் தலை சுற்றியது. ஆயிரம் பக்கப் புத்தகம், வீடியோ வகுப்பு, மாதிரித் தேர்வு என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். பல்லி நேராகத் தன் சகலையிடம் போனார். மனைவியின் தங்கையைக் கட்டியவர்; போன வருடமே அதே பரீட்சையில் தேறி மேலே போனவர். பத்து வருடம் இவர் ஏற, அவர்தான் ஏணியைப் பிடித்தார். இன்றைக்கும் உயரமான வேலை என்றால் நாற்காலியை விட்டு இறங்கி வந்து பிடிப்பார். அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

சகலை புத்தகத்தின் பொருளடக்கத்தைத் திறந்து, நாலு பாடங்களுக்குப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார்.

“ஆட்டோமேஷன் வேணாமா சகலை? பாடத்திட்டத்துல இருக்கே?”

“காகிதத்துல இருக்கும். பரீட்சையில வராது. இந்த வயசுல புரோகிராம் எழுதக் கத்துக்கப் போறீங்களா? நான் சொல்றேன், விட்டுத் தள்ளுங்க.”

அச்சடித்த பாடத்திட்டத்தை மடித்து வைத்துவிட்டுப் பென்சிலை நம்பினார் மனுஷன். ஐந்து மாதம் மீதிப் பாடங்களைக் கரைத்துக் குடித்தார்.

தோற்றுப்போனார். முடிவுத் தாளில் பகுதி பகுதியாக மதிப்பெண் இருந்தது. ரவுட்டிங் தொண்ணூறு, பாதுகாப்பு எண்பத்தாறு. குறி போட்ட நாலும் பத்தைத் தாண்டவில்லை. பாவம், சகலைக்கு வந்த கேள்வித்தாளில் அதெல்லாம் இருந்திருக்காது என்று அப்போதும் அவருக்காகத்தான் மனைவியிடம் வாதாடினார்.

ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்குப் போனபோது, கொழுந்தியாள் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொன்னாள்.

“விடுங்க மாமா. அந்த ஆட்டோமேஷன்தான் எல்லாரையும் கவுக்குதாம். இவரே அதுக்கு மட்டும் மூணு மாசம் உட்கார்ந்தாரு. பசங்களை டிவி போட விடலையே! நல்லவேளை படிச்சேன், கால்வாசிக் கேள்வி அதுலதான்னு வந்து சொன்னாரு.”

சகலை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

பல்லிக்கு அப்போதுதான் புரிந்தது. மேலே இன்னொரு நாற்காலி வந்தால் தன் மவுசு போய்விடும் என்று பயந்தானா, படுபாவி? வராதே என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். இது கூடவே இருந்து கழுத்தறுத்த வேலை. கொழுந்தியாள் முன்னால் சண்டை வேண்டாமென்று தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் மூன்றாம் மாடியில் வேலை. வழக்கம்போலச் சகலை இறங்கி வந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்தார்.

“ஏறுங்க சகலை. நான் இருக்கேன்ல.”

பல்லி ஏணியை அவர் பிடியிலிருந்து இழுத்துச் சுவரில் சாய்த்தார்.

“நீங்க மேல போங்க. யாரும் பிடிக்காமலே ஏறிக்கறேன்.”

முதல் படியிலேயே முட்டி வலித்தது.