மேல் லயத்துத் தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி நான் ஆறுகளைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். லம்பம் என்று நாங்கள் சொல்லும் ஈயச் சுரங்கங்கள் கழித்துவிடும் சேற்றுநீர் எந்தெந்த ஓடையில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று கணினியில் மதிப்பிடும் வேலை. எல்லா ஓடையிலும் தண்ணீர் எடுத்துச் சோதிக்க ஆளில்லை. சில இடங்களில் எடுத்து, மீதியை ஊகிப்போம். நீரோட்டத்தில் எது லம்பத்துக்கு மேலே, எது கீழே என்று தெரிந்தால் போதும்.

ஒரு ரப்பர் தோட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள், அங்குள்ள தொழிலாளர்களைப் போல நானும் தமிழன் என்பதால். நான் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் வளர்ந்தவன். ரப்பர் மரத்தோடு பஸ் ஜன்னல் வழியாகத்தான் பழக்கம். அன்று மழை வேறு. தோட்ட ஆபீஸ் வரைக்கும் போய், அங்கே கணக்கெழுதும் கிராணியிடம் பாட்டில்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள் இரண்டிலும் ஓடைத் தண்ணீர் பிடித்து, மேல் லயம், கீழ் லயம் என்று சீட்டு ஒட்டி அவர் அனுப்பிவைத்தார்.

சோதனையில் மேல் லயத்துத் தண்ணீர் கெட்டது, கீழ் லயத்துத் தண்ணீர் சுத்தம் என்று வந்தது. மேலே இருப்பது எப்படிக் கெடும்? கிராணி சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார் என்று தீர்மானித்து, எண்களை நானே மாற்றிப் போட்டேன். அப்புறம் கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. மேலதிகாரி பாராட்டினார். கீழ் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க உத்தரவானது.

குழாய் பதிப்பதைப் பார்க்கப் போனபோது, மேல் லயத்தில் பால்வெட்டும் அக்கா ஒருவர், தங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டார். நீங்கள் லம்பத்துக்கு மேலே இருக்கிறீர்கள், உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று விளக்கினேன். நிறையப் படித்தவன் விளக்குகிற மாதிரியே விளக்கினேன்.

"தம்பி, தொர பங்களா பக்கத்துல இருக்கோம்னுதான் இது மேல் லயம். லம்பத்துத் தண்ணி எங்க பக்கந்தான் வருது, கீழ் லயம் ஓடையில லம்பத்துக்கு மேல இருக்கு. பிள்ளைங்க ஒடம்பெல்லாம் சொறி, பாக்கலியா? ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போம்லா."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அலுவலகத்துக்கு வந்து திருத்தக் குறிப்பு எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'தோட்டத் தரப்பில் நேர்ந்த பெயர்க் குழப்பம்' என்று போட்டேன். சரியாகச் சீட்டு ஒட்டிய கிராணிக்கு அதில் ஒரு நகலும் போனது.

மேல் லயத்துக்குக் குழாய் வர மறு வருஷம் ஆனது. அதுவரை அந்த ஓடைத் தண்ணீர்தான் அவர்களுக்கு. இடையில் இரண்டு முறை என்னை அங்கே போகச் சொன்னார்கள். வண்டி இல்லை என்றேன். வண்டி வாசலில்தான் நின்றது.